வெறுங்கையோடு திரும்பிய கப்பல்

முன்னொரு காலத்தில் மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தான். இந்தக் கதையில் அவன் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் அவனிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவன் இங்கே தும்மினால் மூன்று கடலுக்கு அப்பால் ஒரு வரி பிறக்கும். அப்படிப்பட்ட ராஜா.

எல்லோரும் நிழலில் தள்ளி உட்காருங்கள். சின்னப் பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கதையில் கடல் வருகிறது. கடல் என்றாலே எனக்குக் கொஞ்சம் படபடப்பு.

அந்த ராஜாவின் நாட்டிலிருந்து கப்பலேறி வெகுதூரம் போனால் பவழத்திட்டு என்று ஒரு தீவு. தீவைச் சுற்றிலும் தண்ணீருக்கடியில் பாறை. பாறைக்கு வெளியே அலை ஆளை விழுங்கும். பாறைக்கு உள்ளே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். வெளியிலிருந்து உள்ளே வர ஒரே ஒரு வழிதான். அந்த வழியும் மூன்று இடத்தில் வளையும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் மணல் நகர்ந்து இடம் மாறும். தினமும் அதில் போய் வருகிறவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

அதனால் அந்தத் தீவில் வழித்தோணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். வெளியே ஒரு கப்பல் தத்தளித்தால் வழித்தோணி அதன் எதிரே போகும். தோணி முன்னால் வளைய வளைய, கப்பல் பின்னால் வளைந்து வளைந்து உள்ளே வந்து சேரும்.

தீவு மக்களுக்கு மூன்று வழக்கம் உண்டு. காற்றில் மாட்டிக்கொண்ட கப்பலை, யாருடையது என்று கேட்காமல் உள்ளே கொண்டுவர வேண்டும். வந்தவர்களுக்கு முதலில் சோறு போட வேண்டும். போகும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. "போங்கள்" என்று யாரையும் அவர்கள் சொன்னதில்லை. "போய் வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே சொல்கிறோம்?

ஒரு சமயம் பெருங்காற்றில் மகுடவர்மனின் கப்பல் ஒன்று அந்தப் பக்கம் ஒதுங்கியது. வழித்தோணி போய் அதை உள்ளே கூட்டி வந்தது. மாலுமிகளுக்கு மீன்குழம்பும் சோறும் போட்டார்கள். கிளம்பும்போது ஒரு கூடை கருவாடு, ஒரு குலை தேங்காய், ஒரு சுருள் கயிறு கொடுத்து, "போய் வாருங்கள்" என்றார்கள்.

அவர்கள் போனார்கள். சொன்னபடி வரவும் செய்தார்கள்.

அடுத்த தடவை கப்பலோடு ஒரு கொடியும் வந்தது. கொடியோடு ஒரு தண்டல் அதிகாரியும் வந்தார். அவர் பெயர் சோமதத்தர். வரி வசூலிப்பது அவர் வேலை. கரையில் கொடிக்கம்பத்தை நட்டுவிட்டு அவர் சொன்னார்:

"போன வருஷம் நீங்கள் மகாராஜாவுக்குக் கப்பம் கட்டினீர்கள். மகாராஜாவுக்கு மெத்த சந்தோஷம். உங்களைத் தம் குடிகளாக ஏற்றுக்கொண்டார். இந்த வருஷக் கப்பம் எங்கே?"

தீவு மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் பெரியாண்டிக்குப் பதில் வாய் வரை வந்தது. அது கப்பம் இல்லை ஐயா, விருந்தாளிக்குக் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அந்த ஊரில் பெரிய அசிங்கம். அவர் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டார். ஊரும் கூச்சப்பட்டது. வீட்டுக்கு வீடு போய் ஒரு கூடை கருவாடும் ஒரு குலை தேங்காயும் ஒரு சுருள் கயிறும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த ஒரு கூச்சம் அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள். கூடை மூட்டையானது, மூட்டை தோணி நிறையப் போனது. தேங்காய் போய்ப் பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் இல்லாமல் ஆனது. கயிறெல்லாம் கப்பலேறி, வலை கட்டக் கயிறு இல்லாமல் ஆனது. நல்ல மீன் கப்பலுக்கு, முள் வீட்டுக்கு என்றானது. கூச்சம் விட்டு அவர்கள் வாயைத் திறப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் ராஜாவிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

முதலில் பெரியாண்டி அந்த வரிக்கப்பலிலேயே ஏறிப் போனார். அரண்மனை வாசலில் காவல்காரன், "ராஜா சாப்பிடுகிறார்" என்றான். கப்பல் புறப்படும்வரை ராஜா சாப்பிட்டு முடிக்கவில்லை. அவர் திரும்பி வந்தார்.

இரண்டாவதாகக் கயிறு திரிக்கும் சடையன் போனான். காவல்காரன், "ராஜா தூங்குகிறார்" என்றான். கப்பல் புறப்படும்வரை ராஜா எழுந்திருக்கவில்லை. அவனும் திரும்பி வந்தான்.

மூன்றாவதாக மாசாணம் போனான். வழித்தோணி ஓட்டும் சங்காயியின் தம்பி அவன். அப்பா இருந்தவரை அப்பா வழி காட்டினார். அவருக்குப் பின் அக்காவும் தம்பியுமாக வழி காட்டினார்கள். மாசாணத்துக்குச் சிரித்த வாய். யாரிடமும் பேசி ஜெயிப்பான் என்று ஊர் நம்பியது. அவன் போன நேரம் ராஜா விழித்திருந்தான்.

ஒரு திரைக்கு முன்னால் மாசாணத்தை நிறுத்தினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ராஜா. மாசாணம் கருவாட்டைப் பற்றிச் சொன்னான், தேங்காயைப் பற்றிச் சொன்னான், கயிற்றைப் பற்றிச் சொன்னான். உள்ளேயிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற மந்திரி, "முறையிடுவதற்கும் ஒரு வரி உண்டு, கட்டிவிட்டுப் போ" என்றார். மாசாணத்தின் கையில் என்ன இருக்கிறது? அதற்கு ஈடாக அவனைப் பிடித்துக் காலில் சங்கிலி போட்டு, கப்பலின் அடித்தட்டில் துடுப்புப் போட உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே அவனைப்போலப் பல தீவுக்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வருஷம் கப்பல் வந்தபோது சங்காயி மேல்தட்டில் தம்பியைத் தேடினாள். காணோம். கப்பலை உள்ளே கூட்டி வரும்போது, துடுப்பு நீட்டும் ஓட்டை ஒன்றின் வழியே ஒரு கை வெளியே வந்து அசைந்தது. கட்டைவிரலில் சிப்பி கிழித்த தழும்பு. சின்ன வயசில் அந்தக் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டவள் அவள்தான்.

அவளுக்கு அன்று சோறு இறங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதே வருஷம் சோமதத்தர் புதிதாக ஒரு வரி சொன்னார். "இனிமேல் கடலைத் தொடும் ஒவ்வொரு தோணிக்கும் வரி. வரி கட்டாத தோணி தண்ணீரில் இறங்கக் கூடாது. கட்ட முடியாத வீட்டிலிருந்து ஓர் ஆள் துடுப்புக்கு வர வேண்டும். அடுத்த தடவை வசூலிப்பேன்."

"வழித்தோணிக்குமா?" என்று கேட்டார் பெரியாண்டி.

"அதுவும் தோணிதானே."

"உங்க கப்பலைக் கூட்டி வர்றதே அதுதான், ஐயா."

"அப்படியானால் அதற்கு இரண்டு பங்கு கட்டலாம். முக்கியமான தோணி" என்று சொல்லிச் சிரித்தார் சோமதத்தர். அவர் ஆட்களும் சிரித்தார்கள்.

அன்று கப்பலை வெளியே கொண்டுபோய் விட்டபோது சங்காயி வழக்கம்போல, "போய் வா" என்றாள். அது அந்த ஒரு கைக்கு மட்டும் சொன்னது.

வருஷம் திரும்பியது. கீழ்வானம் கறுத்து, காற்று ஊளையிட்ட ஒரு மத்தியானம், பாறைக்கு வெளியே கப்பல் தெரிந்தது. அலை அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஊரே கரையில் கூடிவிட்டது.

சடையன் வழித்தோணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். "யாரும் போகக் கூடாது. நாம அடிக்கல, குத்தல. சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும். பாறை பார்த்துக்கும்."

"இந்த ஒரு தடவை கொடுத்து அனுப்பிடலாமே" என்றார் பெரியாண்டி. அவருக்கு வயதாகிவிட்டது. பயத்துக்கும் கூடவே வயதாகியிருந்தது.

"கொடுக்க என்ன இருக்கு, மாமா? ஆள்தான் இருக்கு. உங்க வீட்லேர்ந்து யாரை அனுப்புறீங்க?" என்றான் சடையன்.

சங்காயி வந்து தோணியின் பக்கத்தில் நின்றாள். "இறங்கு, சடையா."

"உன் தம்பி அதுல இருக்கான், அதனால போறே."

"ஆமா, இருக்கான்."

"ஒருத்தனுக்காக ஊரை விக்கப் போறியா, அக்கா?"

சங்காயிக்கு அந்தச் சொல் சுட்டது. தம்பி அதில் இல்லாவிட்டால் நான் போவேனா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். கப்பலைப் பார்த்தாள். துடுப்புகள் ஒழுங்கில்லாமல் அடித்துக்கொண்டிருந்தன. பயந்துபோனவர்கள் அடிக்கும் அடி அது.

"அந்த அடித்தட்டுல இருக்கிறவங்க ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ எங்கேயோ ஒரு கரையில நிக்கிறா. கப்பல் உடைஞ்சா முதல்ல சாகிறது சங்கிலி போட்டவன்தான். சோமதத்தர் பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதப்பார்" என்றாள் அவள். "நான் போறேன். கூட்டிட்டு வருவேன். ஆனா திரும்பக் கூட்டிட்டுப் போக மாட்டேன். உள்ளே கொண்டுவர்றது நம்ம வழக்கம். வெளியே கொண்டுபோய் விடுறது நம்ம இஷ்டம். நம்மள்ல யாரும் கொண்டுபோய் விட மாட்டோம்னு கடல் தண்ணியைத் தொட்டுச் சொல்லுங்க. நான் கிளம்புறேன்."

சடையன் தோணியிலிருந்து இறங்கினான். முதலில் குனிந்து தண்ணீரைத் தொட்டவனும் அவன்தான். பெரியாண்டி தொட்டார். பெண்கள் தொட்டார்கள். இடுப்பில் இருந்த குழந்தையின் விரலைக்கூட ஒருத்தி நனைத்தாள்.

சங்காயி தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு. கப்பல் அவள் பின்னாலேயே உள்ளே வந்து, குளம்போன்ற தண்ணீரில் மூச்சு வாங்கி நின்றது. அவள் தன் தோணியைக் கரையில் ஏற்றி, மணலில் கவிழ்த்துப் போட்டாள்.

வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, சோமதத்தர் வரியைக் கேட்டார்.

பெரியாண்டி எழுந்து நின்றார். "முதல் தடவை கொடுத்தது கப்பம் இல்லைங்க. விருந்தாளிக்குக் கொடுத்தது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். இனிமே கொடுக்கிறதுக்கு இல்லை."

சோமதத்தர் கோபப்படவில்லை. கையை மட்டும் அசைத்தார். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, இருந்த கருவாடு, தேங்காய், அரிசி, கயிறு எல்லாவற்றையும் அள்ளிக் கப்பலில் ஏற்றினார்கள். யாரும் தடுக்கவில்லை. யாரும் அழவுமில்லை.

காற்று அடங்கியது. கப்பல் புறப்படத் தயாரானது.

"வழித்தோணி எங்கே?" என்று கேட்டார் சோமதத்தர்.

சங்காயி கவிழ்த்த தோணியின் மேல் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "இங்கேதான் இருக்கு, ஐயா. வரி கட்டாத தோணி தண்ணியில இறங்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

பின்னாலிருந்த சிப்பாய் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சரி, இந்த ஒரு தோணிக்கு வரி இல்லை. கிளம்பு."

"மத்தத் தோணிக்கு?"

சோமதத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்காயியும் எழுந்திருக்கவில்லை. அவர் வேறு ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோர் தோணியும் மணலில் கவிழ்ந்து கிடந்தது. கத்தியை உருவிக் காட்டினார்.

"வெட்டுங்க. அப்புறம் வழியை யார்கிட்ட கேட்பீங்க?" என்றாள் அவள். அவர் கத்தியை உறையில் போட்டார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கப்பலிலிருந்து மாசாணத்தைக் கொண்டுவரச் சொன்னார். சங்கிலியோடு அவன் மணலில் நடந்து வந்தான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஆனால் அதே சிரித்த வாய்.

சோமதத்தர் மெதுவாகச் சொன்னார்: "உன் தம்பியை வைத்துக்கொள். இந்தச் சங்கிலியை நானே கழற்றுகிறேன். கப்பலை மட்டும் வெளியே விட்டுவிடு. அவ்வளவுதான் நான் கேட்பது."

சங்காயியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அவள் தம்பியின் காலைப் பார்த்தாள். சங்கிலி உரசிய இடத்தில் சீழ் வைத்திருந்தது. ஒரு வார்த்தை போதும், இந்தக் கால் ஆறிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மற்றவர்களின் கால்கள் எல்லாம் கப்பலோடு போய்விடும். அடுத்த வருஷம் தீவில் வீட்டுக்கு ஒரு கால் அவற்றோடு சங்கிலியில் சேரும்.

"கஞ்சி குடிச்சியா, தம்பி?" என்று கேட்டாள்.

"குடிச்சேன், அக்கா. நம்ம ஊர்க் கருவாடு போட்டாங்க. நல்ல துண்டெல்லாம் மேல்தட்டுக்குப் போயிருச்சு. தலைதான் எங்களுக்கு வந்துச்சு." அவன் சோமதத்தரை ஒரு பார்வை பார்த்தான். "இவர் என்னைக் கருவாட்டு மூட்டை கணக்கா எடை போடுறாரு. அக்கா, நீ எந்திரிச்சேன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

சங்காயி எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, "முடியாதுங்க" என்றாள். அதைச் சொல்ல அவள் என்ன பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மாசாணத்தைத் திரும்பக் கப்பலுக்கு இழுத்துப் போனார்கள். சோமதத்தர் வழித்தோணி இல்லாமலேயே கப்பலைச் செலுத்தச் சொன்னார். முதல் வளைவிலேயே அடிப்பலகை பாறையில் கிரீச்சென்று உரசியது. அதே நேரம் அடித்தட்டில் மாசாணம் தன் துடுப்பை மேலே தூக்கினான். பக்கத்திலிருந்தவன் தூக்கினான். அவனுக்குப் பக்கத்திலிருந்தவனும் தூக்கினான். கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் கப்பல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. சிப்பாய்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமே தவிரத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. கப்பல் மெல்ல மிதந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

பொழுது போனது. சிப்பாய்களுக்குப் பசித்தது. ஊருக்குள் வந்து சோறு கேட்டார்கள்.

"போடறோம், தம்பிகளா. அடுப்பு இருக்கு, சட்டி இருக்கு. சமைக்கிற சாமானெல்லாம் உங்க கப்பல்லதான் இருக்கு. கொண்டு வாங்க" என்றார்கள் பெண்கள்.

சிப்பாய்கள் ஒரு மூட்டையை இறக்கிக் கொண்டுவந்தார்கள். பெண்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சமைத்தார்கள். ஊருக்கும், சிப்பாய்களுக்கும், அடித்தட்டில் இருந்தவர்களுக்கும் ஒரே அளவு. மறுநாள் இன்னொரு மூட்டை இறங்கியது. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஏறிய வரியெல்லாம் இப்படியே ஒவ்வொன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் எத்தனை நாள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? சங்கிலிகளின் சாவியை வைத்திருந்த சிப்பாய் ஒருநாள் அதைச் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எடுக்க மறந்தவன்போலப் போய்விட்டான்.

கடைசி மூட்டையும் இறங்கிய அன்று சோமதத்தர் தனியாக நடந்து வந்தார். தலைப்பாகை இல்லை.

"என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"கொடிக்கம்பத்தை நீங்களே பிடுங்கிக்கிட்டுப் போகணும். துடுப்புப் போட்டவங்க இங்கேயே இருக்கணும். திரும்பி வரக் கூடாது" என்றாள் சங்காயி.

"ராஜாவிடம் நான் என்ன சொல்வேன்?"

"திரை போட்டிருப்பாங்க. எதைச் சொன்னாலும் கொட்டாவிதான் வரும். பயப்படாமச் சொல்லுங்க" என்றான் பின்னால் நின்ற மாசாணம். அவன் காலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது.

சோமதத்தருக்கும் சிரிப்பு வந்ததுபோலத்தான் இருந்தது. அடக்கிக்கொண்டார்.

கொடிக்கம்பம் பிடுங்கப்பட்டது. துடுப்புகளைச் சிப்பாய்களே பிடித்தார்கள். துடுப்பு தண்ணீரில் விழாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. கரையில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சங்காயி தோணியை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கினாள். ஊர் வாசலில் யாரும் கூடை கொண்டுவரவில்லை. யாரும் குலை கொண்டுவரவில்லை. யாரும் கயிறு கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு ஒரு கப்பல் அந்தத் தீவிலிருந்து போனது அதுதான் முதல் தடவை.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு. வெளிக்கடல் வந்தது. சங்காயி தோணியை ஒதுக்கிக் கப்பலுக்கு வழி விட்டாள். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள்.

"போங்கள்" என்றாள்.

துடுப்புப் போட்டிருந்தவர்கள் கால் ஆறியதும் தங்கள் தங்கள் தீவுக்குத் தோணியேறிப் போனார்கள். அவர்களுக்கு ஊரே கரையில் நின்று, கூடை கொடுத்து, "போய் வாருங்கள்" என்று சொன்னது. அவர்கள் போன இடமெல்லாம் கவிழ்த்துப் போட்ட தோணியின் கதையும் போனது. ஒரு தீவில் கொடிக்கம்பம் சாய்ந்தது. அடுத்த தீவிலும் சாய்ந்தது. அதற்கடுத்த தீவில் கம்பம் நட வந்தவர்களே குழி தோண்டாமல் திரும்பிவிட்டார்கள்.

மகுடவர்மன் இன்னொரு கப்பலை அனுப்பத்தான் செய்தான். அது காற்றில்லாத நாளில் வந்து பாறைக்கு வெளியே நின்றது. ஆபத்தில் இல்லாத கப்பலுக்கு எதிரே போகும் வழக்கம் அந்தத் தீவில் இல்லை. கப்பல் நின்று பார்த்தது, காத்துப் பார்த்தது, பிறகு திரும்பிப் போனது. அன்றும் அரண்மனையில் ராஜா சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தானாம். தட்டில் கருவாடு மட்டும் இல்லையாம்.

மனம் வந்து கொடுத்ததைத் தன் உரிமை என்று பிடுங்க வருகிறவன், கடைசியில் அந்த வாசலிலிருந்து வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.